வக்காலத்தில் ஒரு பெயர் காலியாக இருக்கிறது
வட ஆற்காட்டு வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களுக்கு,

போன மாதம் உங்களில் ஒரு பகுதியினர் சேர்ந்து, சக வழக்கறிஞர் ஒருவருக்குச் சால்வை போர்த்திப் பாராட்டினீர்கள். எழுத்தாளர்கள் மீதும் நிருபர்கள் மீதும் அவர் போட்டிருக்கும் வழக்குகளுக்காக அந்தப் பாராட்டு. 'தேசத்தின் வழக்கறிஞர்' என்று பேனரில் இருந்தது. அதற்கு நான்காம் நாள், அந்த வழக்குகளில் ஒன்றில் எங்களுக்காக ஆஜராகிக்கொண்டிருந்த இளம் வழக்கறிஞர் என் வீட்டுக்கு வந்து கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "சீனியருங்க எல்லாம் பேசி வெச்சிருக்காங்க சார், இந்த கேஸ்ல யாரும் நிக்கக் கூடாதுன்னு. நான் இங்கதான் பொழைக்கணும்" என்றார். வாங்கியிருந்த 3,000 ரூபாயையும் மேசை மேல் வைத்துவிட்டு, காபி குடிக்காமல் போனார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் உங்கள் மேல்.

எந்த ஊர் நீதிமன்றம், சால்வை வாங்கிய அந்த வழக்கறிஞர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது. 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரித்த பிறகும் நாம் பேச்சுவாக்கில் வட ஆற்காடு என்றுதான் சொல்கிறோம். அந்த மூன்று மாவட்டத்திலும் கறுப்பு கோட்டு போட்ட யாருக்கும் ஆள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். குடியாத்தத்திலிருந்து 11 வருடமாக ஒரு காலாண்டிதழ் நடத்துகிறேன். 400 பிரதி அச்சடிப்போம், அதில் பாதி கடனுக்குப் போகும். அதில் ஒரு சிறுகதை வெளியிட்டேன். எழுதிய தம்பி ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறான். அவனுடைய அப்பா பட்டாளத்துக்காரர். 17 வருடம் சர்வீஸ் முடித்து வந்து ஊரில் காலமானவர். அதன் பிறகு அவன் அம்மா குடும்ப பென்ஷனுக்காக அலைந்த அலைச்சல்தான் கதை. கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அந்த அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றே ஒன்று கூடியிருந்தது. அந்த ஒரு எழுத்துக்காக இரண்டு வருடம் அலைந்தார். கதையில் அந்தப் பெண் கவுன்டரில் இருப்பவரிடம் சொல்கிறாள்: "செத்தவருக்கு சல்யூட் அடிச்சீங்க. என்னை வாசல்ல நிக்க வெக்கிறீங்க."

இந்த வரி இந்திய ராணுவத்தை அவமதிக்கிறது என்று உங்கள் சகா புகார் கொடுத்திருக்கிறார்.

நம் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத கிராமம் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறோம். ஒரு ஜவானின் மனைவி எந்தெந்த வாசலில் நின்றிருப்பார் என்று இங்கே ஒருவரும் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்களில் எத்தனையோ பேரின் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ சீருடை போட்ட படம் சுவரில் மாட்டியிருக்கும். அந்தக் கதையைப் படித்துப் பார்த்தீர்களா என்று நான் கேட்ட மூன்று பேரும் இல்லை என்றார்கள். புகாரைத்தான் படித்திருந்தார்கள்.

புகார் 22 பக்கம். முதல் எதிரி கதை எழுதிய தம்பி, இரண்டாவது நான், மூன்றாவது அச்சகக்காரர். இதே கதைக்கு இன்னொரு ஊர் நீதிமன்றத்தில் உங்கள் சகாவின் நண்பர் ஒருவர் பெயரில் இன்னொரு புகார். வார்த்தைக்கு வார்த்தை அதேதான். ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. ஒன்று பாலாற்றுக்கு இந்தக் கரை, இன்னொன்று அந்தக் கரை. நாங்கள் மட்டுமல்ல. சுதந்திர தினத்தன்று ஒரு ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை என்று செய்தி கொடுத்த பகுதிநேர நிருபர் ஒருவர் மீதும் அவர் புகார் போட்டார். தேசியக் கொடியை அவமதித்தாராம். கொடியேற்ற விடாமல் தடுத்தவர்கள் மீது அவர் ஒரு மனுவும் போட்டதில்லை. அந்த நிருபர் இப்போது கோயில் திருவிழா, மழை நிலவரம் தவிர வேறு எதுவும் அனுப்புவதில்லை.

14 மாதத்தில் 9 வாய்தா போயிருக்கிறோம். புகார்தாரருக்கு அவகாசம் வேண்டும் என்று நான்கு முறை, நடுவர் விடுப்பில் என்று இரண்டு முறை, உங்கள் நீதிமன்றப் புறக்கணிப்பில் இரண்டு முறை தள்ளிப்போனது. ஒன்பதாவது நாளை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

அன்றைக்கு எங்கள் பக்கம் வழக்கறிஞர் இல்லாத முதல் நாள். தம்பியின் அம்மாவும் வந்திருந்தார். மஞ்சள் பையில் டிஸ்சார்ஜ் புத்தகம், இரண்டு மெடல், பென்ஷன் ஆர்டர். "ஐயா கேட்டா காட்டலாம்" என்றார். படியேறும்போது ஏழெட்டு பேர் வரிசையாக நின்று "தேசத் துரோகி ஒழிக" என்று கத்தினார்கள். அதில் இரண்டு பேர் வெள்ளை பேண்ட், கறுப்பு கோட்டு. அந்த அம்மா யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாருமில்லை. மகனைத்தான் சொல்கிறார்கள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலை 10.30-க்குப் போனோம், டவாலி கூப்பிட்டது 12.40-க்கு. உள்ளே நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது. அடுத்த தேதி சொன்னார்கள். பையை யாரும் திறக்கச் சொல்லவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "இன்னா சார், எம்புள்ள அவங்க அப்பனைப் பத்திதான எழுதினான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. 34 வருடம் வகுப்பறையில் பேசிப் பிழைத்தவன் நான்.

தம்பிக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகிறது, அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸும் போகிறது. சூப்பர்வைசர் ஒருமுறை கூப்பிட்டு, கோர்ட்டு கேஸ் உள்ள ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்று ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். அச்சகக்காரர் சொன்னது அதைவிட என்னைச் சுட்டது: "சார், இனிமே எனக்குக் கல்யாணப் பத்திரிகை, நோட்டீசு போதும்." அவர் அந்தக் கதையைப் படித்தவர்கூட இல்லை. பக்கத்தை எண்ணி, பேப்பரை எண்ணி, பில் போட்டவர். 1908-ல் பாரதியார் எழுதிய 'இந்தியா' பத்திரிகை மேல் வெள்ளைக்காரன் ராஜத்துரோக வழக்கு போட்டபோது, பத்திரிகையில் பெயர் போட்டிருந்த சீனிவாசன்தான் சிறைக்குப் போனார். எழுதுகிறவனைப் பிடிப்பதைவிட அவனைச் சுற்றி இருப்பவர்களைப் பிடிப்பது சுலபம் என்பது அன்றைக்கே தெரிந்த வித்தை.

சட்டம் எனக்குத் தெரியாது. இந்த 14 மாதத்தில், நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததை வைத்துச் சொல்கிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

புகாரில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 152, 196, 356 என்று மூன்று பிரிவு. முதலாவது நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து, இரண்டாவது சமூகங்களுக்குள் பகை வளர்ப்பது. முதல் இரண்டிலும் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்கவே முடியாது என்று, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதி அவரிடம் இல்லை. கேட்டு விண்ணப்பித்ததாகவும் புகாரில் ஒரு வரி இல்லை. மூன்றாவது அவதூறு. அதற்குப் புகார் கொடுக்க வேண்டியவர் பாதிக்கப்பட்டவர். அவர் எந்த வகையில் பாதிக்கப்பட்டார் என்பது 22 பக்கத்திலும் இல்லை. 25 வருடம் தொழில் செய்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் போட்டிருக்கிறார். இந்த வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்ற அவசியமே அவருக்கு இல்லை. எங்களுக்கு அவர் வாங்கித்தர நினைக்கும் தண்டனை தீர்ப்பில் இல்லை, வாய்தாவில் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த இதே சுரக்ஷா சன்ஹிதாவில், புகாரைக் கோப்பில் ஏற்பதற்கு முன்பே எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும் என்று 223-ஆம் பிரிவில் சேர்த்தார்கள். எங்களைப் போன்றவர்களைக் காப்பாற்ற வந்த விதி அது. அதையே அவர் எங்களை அலையவிடப் பயன்படுத்துகிறார். வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் 9 வாய்தா.

இது நம் ஊரில் புதிதல்ல என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2005-ல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காகப் பெரும்பாலும் தமிழ்நாட்டிலேயே 23 புகார்கள் விழுந்தன. 2010 ஏப்ரல் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. புகார் கொடுத்தவர்கள் யாரும் பாதிக்கப்பட்டவர்கள் அல்ல என்றது. இப்படிப்பட்ட புகார் வந்தால் நடுவர்கள் முதலில் விசாரணைக்கு உத்தரவிட்டு உண்மையைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. சரி, ரத்தாயிற்று. நடுவில் போன ஐந்து வருடத்தை யார் கொடுப்பார்கள்? அவர் பிரபலமானவர், பெரிய வழக்கறிஞர்களை வைத்து டெல்லி வரை போக முடிந்தது. ஷூ கம்பெனித் தொழிலாளி குடியாத்தத்திலிருந்து எது வரை போவான்? 2015-ல் பெருமாள்முருகன் இனி எழுதப் போவதில்லை என்று அறிவித்ததையும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மறுபடி எழுதட்டும் என்று தீர்ப்பளித்ததையும் நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தத் தீர்ப்பு வந்த அன்று நான் அச்சகத்தில் நின்றுகொண்டு சத்தமாகப் படித்துக் காட்டினேன். இதே அச்சகக்காரருக்குத்தான்.

உங்கள் சகா செய்வதை இதற்கு முன் முழுநேர வேலையாகவே செய்த ஒருவர் துருக்கியில் இருந்தார். கெமால் கெரிஞ்சிஸ் என்ற வழக்கறிஞர். தேசியவாத வழக்கறிஞர்கள் சேர்ந்த ஓர் அமைப்புக்குத் தலைவர். 2005-ல் அங்கே 301 என்று ஒரு சட்டப்பிரிவு வந்தது; 'துருக்கியத் தன்மையை' இழிவுபடுத்தினால் மூன்று வருடம் வரை சிறை. அதை வைத்து இந்த அமைப்பு எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்கள் மேல் வரிசையாகப் புகார் கொடுத்தது. ஓரான் பாமுக் மேல் ஒரு பேட்டிக்காக வழக்கு. 2006 ஜனவரியில் கைவிடப்பட்டது. (அந்தப் பாமுக்கை நாம் தமிழில் படித்ததே நம் பழைய வட ஆற்காட்டு ஆரணிக்காரர் ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில்தான்.) எலிஃப் ஷஃபாக் மேல் வழக்கு எதற்குத் தெரியுமா? நாவலில் ஒரு பாத்திரம் பேசிய பேச்சுக்காக. எங்கள் தம்பி மேல் போட்டது போலவே. 2006 செப்டம்பரில் அந்த விசாரணை நடந்த அன்று அவர் பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. விடுதலையானார்.

இவர்கள் இருவரும் தப்பினார்கள். ஹ்ராண்ட் டிங்க் தப்பவில்லை. இஸ்தான்புல்லில் 'ஆகோஸ்' என்ற வார இதழின் ஆசிரியர், ஆர்மீனிய வம்சத்தவர். அவர் கட்டுரையில் அவமதிப்பு எதுவும் இல்லை என்று நிபுணர்கள் அறிக்கை கொடுத்தும், 2005 அக்டோபரில் ஆறு மாதத் தண்டனை விதித்து நிறுத்தி வைத்தார்கள். ஜெயிலுக்குப் போகவில்லை. ஆனால் அதன் பிறகு ஊருக்கெல்லாம் அவர் 'தண்டிக்கப்பட்ட துரோகி'. மிரட்டல் கடிதங்கள் வந்தன. கடைசிக் காலத்தில் எழுதிய ஒரு பத்தியில், நாலாபுறமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் புறாவோடு தன்னை ஒப்பிட்டிருந்தார். 2007 ஜனவரி 19 அன்று பத்திரிகை அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். சுட்டவனுக்கு 17 வயது. அந்தக் கொலையில் அந்த வழக்கறிஞருக்குப் பங்கு உண்டு என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆதாரம் இல்லை. நான் சொல்வது இதுதான்: ஒரு மனிதனைத் துரோகி என்று நீதிமன்றப் படியில் நின்று கத்தினால், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர்களில் 17 வயதுப் பையன் எவனாவது இருப்பான். எங்கள் தம்பி இரவு ஷிப்ட் முடித்து ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வழியாகத் தனியாக பைக்கில் வருகிறான்.

2008-ல் துருக்கி அந்தப் பிரிவைத் திருத்தியது. நீதி அமைச்சரின் அனுமதி இல்லாமல் இனி வழக்கு போட முடியாது என்றார்கள். ஆள்வோரின் அனுமதி என்பது ஆள்வோரை விமர்சிப்பவனுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பது வேறு பேச்சு. ஆனால் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் இழுத்துவிடலாம் என்ற நிலைக்கு ஒரு தடுப்பாவது வந்தது. அப்படி ஒரு தடுப்பு நம் சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர்தான் எங்களுக்கு இல்லை.

ஒருவருக்காக யாரும் வக்காலத்து போடக் கூடாது என்று நீங்கள் பேசி வைத்துக்கொள்வது செல்லாது. இதை நான் சொல்லவில்லை. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கில். முகமது ரஃபி என்ற வழக்கறிஞருக்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையிலான வழக்கு. கோயம்புத்தூரில் வழக்கறிஞர்கள் சில போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாம் செல்லாதவை, அரசியல் சட்டத்துக்கும் வழக்கறிஞர் தொழிலின் மரபுக்கும் விரோதமானவை என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பில் தாமஸ் எர்ஸ்கின் பெயர் வருகிறது. 1792-ல் இங்கிலாந்தில், மன்னராட்சியை எதிர்த்துப் புத்தகம் எழுதிய தாமஸ் பெயினுக்காக வாதாடியவர். எடுக்காதே என்று எவ்வளவோ சொன்னார்கள். எடுத்தார், வழக்கில் தோற்றார், இளவரசரிடம் வகித்துவந்த பதவியும் போனது. அவர் நின்றதும் ஓர் எழுத்தாளனுக்காகத்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தொரப்பாடியில் இருக்கும் நம் வேலூர் ஜெயிலில் 1921 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் ராஜாஜி இருந்தார். நாட்குறிப்பும் எழுதினார். சேலத்தில் நன்றாகத் தொழில் நடந்துகொண்டிருந்த வக்கீல், நாட்டுக்காக அந்தத் தொழிலை விட்டுவிட்டு வந்தவர். தேசத்தின் வழக்கறிஞர் என்று பேனர் கட்டும்போது அவர் நினைவு உங்களில் ஒருவருக்காவது வந்திருக்க வேண்டும்.

நான் கேட்பது இவைதான்.

எங்கள் வழக்கில் யாரும் நிற்கக் கூடாது என்று பேசி வைத்தது வாய்வார்த்தையாக இருந்தாலும், அது இல்லை என்று உங்கள் அடுத்த கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்த பையன் பயமில்லாமல் மறுபடி வாங்கிக்கொள்ள அது ஒன்று போதும்.

அச்சகக்காரரின் பெயரைப் புகாரிலிருந்து எடுக்கச் சொல்லி உங்களில் மூத்தவர்கள் அந்த வழக்கறிஞரிடம் பேசுங்கள். அதே கதைக்கு இரண்டாவது ஊரில் போட்ட புகாரையும் திரும்பப் பெறச் சொல்லுங்கள். அவருக்கு வழக்கு நடத்த உரிமை இருக்கிறது, நடத்தட்டும். ஒரே இடத்தில் நடத்தட்டும். அவகாசம் கேட்காமல் நடத்தட்டும்.

நீதிமன்ற வளாகத்துக்குள் கோஷம் போடுவதை நிறுத்துங்கள். கோட்டு போட்டுக்கொண்டு கத்திய இரண்டு பேர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களை அந்த அம்மாவிடம் ஒருமுறை பேச வையுங்கள். மன்னிப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் போதும்.

கதை, கட்டுரை, செய்திக்காக இழுக்கப்படும் எழுத்தாளர், நிருபர், அச்சகக்காரர் யாராக இருந்தாலும், கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு ஆஜராக ஒவ்வொரு தாலுகா நீதிமன்றத்திலும் இரண்டு பேராவது பெயர் கொடுங்கள். அந்தப் பட்டியலை என் இதழில் இலவசமாகப் போடுகிறேன். இதழ் வருமா என்று கேட்கலாம். அச்சகம் கிடைத்தால் வரும். கிடைக்காவிட்டால் ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்புவேன்.

அடுத்த வாய்தா 23-ஆம் தேதி. காலை 10.30-க்கு அதே வேப்பமரத்தடியில் இருப்போம். தம்பி லீவு சொல்லிவிட்டான். அவன் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வக்காலத்துப் படிவம் வாங்கி நாங்கள் மூன்று பேரும் கையெழுத்து போட்டு வைத்திருக்கிறோம். வழக்கறிஞர் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டாம் எதிரி,
குடியாத்தம்